ஜூன் வந்துவிட்டால்: பள்ளி கேட்பதில் எது கட்டாயம், எது வெறும் வழக்கம்?

மே மாதக் கடைசி வாரத்தில் பெற்றோரின் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழும். கட்டணம் கட்டக் கடைசித் தேதி, புத்தக செட்டின் விலை, சீருடையை எந்தக் கடையில் எடுக்க வேண்டும், கறுப்பு ஷூ என்றைக்கு, வெள்ளை கேன்வாஸ் என்றைக்கு என்று சகலமும் அதில் இருக்கும். எல்லா வரியும் ஒரே எழுத்தில், ஒரே அதட்டலில் இருக்கும். சட்டப்படி கட்டியே தீர வேண்டியது எது, பள்ளியின் விருப்பம் எது, யாரும் கேள்வி கேட்காததால் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டது எது என்று அதைப் பார்த்துப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததால் மொத்தத்தையும் கட்டிவிட்டு, அடகு வைத்த நகையை மீட்க தீபாவளி போனஸ் வரை காத்திருக்கிற குடும்பங்கள் ஏராளம்.

பிள்ளை வளர்ப்பிலும் இதே குழப்பம் உண்டு. லேபிள் ஒட்டியாயிற்றா, நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டாயிற்றா என்று பதறுகிற வீட்டில், பிள்ளை இரவு பதினொன்றரைக்கும் விழித்திருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. அட்டை ஒரு வாரம் கழித்துப் போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. தூக்கம் அப்படியில்லை.

கீழே வருவது தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத் தனியார் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது. அரசுப் பள்ளியும் சிபிஎஸ்இ பள்ளியும் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## ஏன் எல்லாம் ஒரே நேரத்தில்?

மாநிலப் பாடத்திட்டத்தில் கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. சிபிஎஸ்இ பள்ளிகள் பல ஏப்ரலிலேயே புது வகுப்பைத் தொடங்கி, சில வாரம் நடத்திவிட்டு, கோடை விடுமுறை முடிந்து ஜூனில் மறுபடி திறக்கின்றன. திறக்கும் தேதியும் வெயிலைப் பொறுத்து நகரும். 2023-இல் ஜூன் 1 என்றார்கள், அப்புறம் 7 என்றார்கள், கடைசியில் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று ஆனது. 2024-இல் ஜூன் 6 என்றது 10 ஆனது. 2025-இல் சொன்னபடி ஜூன் 2 அன்றே திறந்தார்கள். வெயிலுக்காகப் பள்ளி திறப்பு தள்ளிப்போவதைப் பார்த்திருக்கிறோம். கட்டணத்தின் கடைசித் தேதி தள்ளிப்போனதாக அதிகம் கேள்விப்பட்டதில்லை.

கட்டணம், புத்தகம், சீருடை, வேன் முன்பணம் எல்லாம் ஒரே சம்பளத்தில் வந்து மோதுவதுதான் சிக்கலின் தொடக்கம். எனவே பணத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

## கட்டணத்தை நிர்ணயிப்பது யார்?

பள்ளி நிர்வாகம் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. தமிழ்நாடு பள்ளிகள் கட்டணம் வசூலித்தலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2009-இல் வந்தது. கட்டணத்தை முடிவு செய்யும் அதிகாரத்தை அது ஒரு குழுவிடம் கொடுத்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. முதல் தலைவராக இருந்தவர் நீதிபதி கே.கோவிந்தராஜன். 2010-இல் அவர் குழு வெளியிட்ட முதல் கட்டணப் பட்டியல் பள்ளி நிர்வாகங்களிடம் கிளப்பிய புயல் பலருக்கு நினைவிருக்கும்.

வேலை நடக்கும் விதம் இதுதான். பள்ளி தன் வரவு செலவுக் கணக்கைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பள்ளி இருக்கும் இடம், கட்டட வசதி, நிர்வாகச் செலவு, பராமரிப்பு, வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்து, வகுப்புவாரியாக ஆண்டுக் கட்டணத்தைக் குழு நிர்ணயிக்கும். அந்த ஆணை 3 ஆண்டுகளுக்குச் செல்லும்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவுகள்:

1. ஆணையில் இருக்கும் தொகைதான் உச்சவரம்பு. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் மீறல். திருப்பித் தரும்படி குழு உத்தரவிட முடியும். சட்டத்தில் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது. நடைமுறையில் பெற்றோருக்குப் பயன்படுவது பணம் திரும்பக் கிடைக்கும் வழிதான்; தாளாளர் சிறைக்குப் போவார் என்ற எதிர்பார்ப்பில் யாரும் புகார் எழுத வேண்டாம்.

2. பக்கத்துத் தெருப் பள்ளியில் குறைவு என்பது வாதமாகாது. ஒவ்வொரு பள்ளிக்கும் கணக்கு வேறு, ஆணை வேறு. கேட்க வேண்டியது "உங்கள் பள்ளிக்கு இந்த வகுப்புக்கு இந்த ஆண்டுக்கு ஆணையில் எவ்வளவு" என்பது மட்டும்.

3. "வருஷா வருஷம் ஏறத்தானே செய்யும்" என்ற பதிலும் செல்லாது. ஏற்றம் இருந்தால் அதுவும் ஆணையில் இருக்க வேண்டும்.

4. நன்கொடை கூடாது. இந்தச் சட்டமும் தடுக்கிறது, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் தடுக்கிறது. பின்னதில், வாங்கிய நன்கொடையைப் போல 10 மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அதே பிரிவு பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல் வைத்து வடிகட்டுவதையும் தடை செய்கிறது. எல்கேஜி சேர்க்கைக்கு அப்பா அம்மாவின் படிப்பைக் கேட்கும் பள்ளிகள் இதைத் தெரியாமல் கேட்பதில்லை.

5. "நாங்கள் சிபிஎஸ்இ, எங்களுக்கு அந்தக் குழு பொருந்தாது" என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. பொருந்தும் என்பதே சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு.

## ரசீதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பணம் எப்படி அதிகமாகிறது? ரசீது இரண்டு மூன்றாகப் பிரிவதால். ஓர் எடுத்துக்காட்டுக்கு, யுகேஜிக்கு ஆணைப்படி 28,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் கட்டுவது 46,000.

முதல் ரசீது 28,000-க்கு. பள்ளியின் பெயர், முத்திரை, எண் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இரண்டாவது சீட்டு 9,000-க்கு, "செயல்பாடுகள்" என்ற தலைப்பில். கூர்ந்து பார்த்தால் மேலே பள்ளியின் பெயர் இருக்காது, ஏதோ அறக்கட்டளையின் பெயர் இருக்கும். மூன்றாவது 6,500, புத்தகமும் நோட்டும். மீதி 2,500-க்கு ரசீதே இல்லை; டைரி, அடையாள அட்டை, போட்டோ என்று வாய்மொழியாகச் சொல்லியிருப்பார்கள்.

இதில் புத்தகம், நோட்டு, சீருடை, வேன் ஆகியவை பொதுவாகக் குழு நிர்ணயிக்கும் கட்டணத்தில் சேராதவை. அவற்றுக்குத் தனியாகப் பணம் கேட்பது தவறில்லை. சண்டை போட வேண்டிய இடம் இரண்டாவது சீட்டு. வகுப்பு நேரத்துக்குள், எல்லாப் பிள்ளைக்கும், விருப்பம் கேட்காமல் நடத்துவதைத் தனிக் கட்டணமாக்கினால், அது கட்டணத்தின் பகுதிதான் என்று வாதிட நியாயம் இருக்கிறது. மாலை 4 மணிக்கு மேல் விரும்பியவர்களுக்கு மட்டும் கராத்தே என்றால் அது வேறு.

செய்யக்கூடியவை:

1. குழுவின் ஆணை நகலைப் பள்ளியில் கேளுங்கள். அறிவிப்புப் பலகையில் இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

2. கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேளுங்கள். ரசீது தராத தொகையைப் பற்றிப் பின்னால் யாரும் பேச முடியாது. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: வரி விலக்கு இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே, வேனுக்கும் நன்கொடைக்கும் கிடையாது. பிரித்து எழுதிய ரசீது இல்லாவிட்டால் அந்தச் சலுகையும் போயிற்று.

3. புகாரைக் கட்டண நிர்ணயக் குழுவுக்கும், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். "என் பிள்ளையைக் கட்டம் கட்டிவிடுவார்களே" என்ற பயம் நியாயமானதுதான். அதனால்தான் ஒரே வகுப்பைச் சேர்ந்த பத்துப் பேராவது கையெழுத்திட்டு அனுப்புவது நல்லது.

கட்டணம் நியாயமானதே, கையில்தான் பணமில்லை என்றால் தவணை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மே மாதத்திலேயே எழுதிக் கொடுத்தால் பள்ளிகள் பெரும்பாலும் இறங்கி வரும். கட்டணத்துக்கென்றே மாதத் தவணைக் கடன் தரும் நிறுவனங்கள் இப்போது பள்ளி வாசலிலேயே மேசை போடுகின்றன. "வட்டியில்லை" என்று அங்கே சொன்னாலும், செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சீருடை பற்றி ஒரு வரி. கடையைப் பள்ளி சுட்டிக்காட்டலாம். அதே நிறத்தில், அதே தைப்பில் வெளியில் வாங்கியதை மறுக்க நியாயம் இல்லை. பள்ளிகள் வணிகக் கூடங்களாகக் கூடாது என்று சிபிஎஸ்இ 2017-இல் சுற்றறிக்கையே அனுப்பியது. அரசுப் பள்ளியில் இந்தத் தொல்லையே இல்லை: பாடநூல், நோட்டு, பை, காலணி, 8-ஆம் வகுப்பு வரை 4 செட் சீருடை எல்லாம் விலையில்லாமல் கிடைக்கின்றன. சட்டை தோளில் இறங்குகிறது, கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை என்ற குறை உண்டு. தெருமுனைத் தையல்காரருக்கு ஜூன் அறுவடைக் காலம்.

## சான்றிதழ்களில் எது இல்லாவிட்டால் சேர்க்கை நிற்கும்?

1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் சட்டம் சொல்லும் பதில் எளிது: எதுவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

1. வயதுச் சான்று. அது இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. பிறப்புச் சான்றிதழைப் பின்னால் கொடுக்கலாம்.

2. ஆதார். ஆதார் இல்லாததால் எந்தக் குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கை மறுக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் தீர்ப்பில் சொல்லிவிட்டது. ஆதார் எடுத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதை மறந்தவர்கள்தான் உதவித்தொகை நேரத்தில் வங்கிக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைகிறார்கள்.

3. டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழ். பள்ளி மாறும் குடும்பங்களைப் பிழிந்தெடுப்பது இதுதான். பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்று பழைய பள்ளி சொல்லும், டி.சி. கொண்டுவந்தால்தான் சேர்க்கை என்று புதிய பள்ளி சொல்லும். டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது என்கிறது சட்டத்தின் 5-ஆம் பிரிவு. வேண்டுமென்றே தாமதிக்கும் தலைமையாசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கைக்கும் இடமுண்டு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகவே சொன்னது: டி.சி. என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பாக்கி பற்றிக் குறிப்பு எழுதக் கூடாது.

தாள் கையில் வந்த பிறகும் ஒரு முட்டுக்கட்டை மிச்சமிருக்கும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. பழைய பள்ளி அந்த எண்ணைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்பில் போட்டால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். டி.சி.யைக் கொடுத்துவிட்டு இதைச் செய்யாமல் இழுத்தடிப்பவர்களும் உண்டு. அதனால் அலுவலகத்தில் டி.சி. வாங்கும்போதே "எமிஸ்ல விட்டாச்சா" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

வயதைப் பற்றிய குழப்பம் தனி. தமிழ்நாட்டில் 1-ஆம் வகுப்புக்கு 5 வயது முடிந்தால் போதும். தேசியக் கல்விக் கொள்கை 6 என்கிறது; கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-23 முதல் 6 கேட்கின்றன. ஐந்தரை வயதில் மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்பு சேரப்போகும் பிள்ளைக்கு, அப்பாவின் மத்திய அரசு வேலை மாற்றலால் கேந்திரிய வித்யாலயா கிடைத்தால், அங்கே இந்த ஆண்டு இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். மாற்றல் வேலையில் இருப்பவர்கள் எல்கேஜியிலேயே இதைக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கு என் கருத்து: ஆறு மாதம் முந்திச் சேர்ப்பதால் பிள்ளை வாழ்க்கையில் முந்திவிடுவதில்லை.

## 25 விழுக்காடு இடம்

கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகளில், நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு. கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுக்கும். தமிழ்நாட்டில் நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய்; வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை; விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

வழக்கமாகக் கோடையில் நடக்கும் இந்தச் சேர்க்கை 2025-இல் மத்திய அரசு நிதி தொடர்பான தகராறில் சிக்கி, பள்ளிகள் திறந்து பல மாதம் கழித்து அக்டோபரில்தான் தொடங்கியது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: இந்த ஒதுக்கீட்டை மட்டும் நம்பி ஜூனில் எங்கும் சேர்க்காமல் காத்திருக்கக் கூடாது. பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். புத்தகம், சீருடை செலவு யாருடையது என்பதில் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் இழுபறி வருவதும் உண்டு. இடம் கிடைத்த அன்றே எழுத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

## வேன்

2012 ஜூலையில் தாம்பரம் அருகே சேலையூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன: மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, உதவியாளர், ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் ஆய்வு. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேனில் அடிபட்டு இன்னொரு குழந்தை இறந்தது. அதற்கப்புறம் முன்னும் பின்னும் கேமராவும், பின்பக்கம் சென்சாரும் கட்டாயமாக்கப்பட்டன.

விபத்துகள் ஓடும்போது மட்டும் நடப்பதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும், வண்டி பின்னால் வரும்போதும் நடக்கின்றன. ஆகவே பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வண்டியில் உதவியாளர் இருக்கிறாரா என்பதுதான். இறங்கிய பிள்ளை சாலையைக் கடந்து முடியும் வரை வண்டி நகரக் கூடாது, கையைப் பிடித்துக் கடத்திவிடுவது உதவியாளர் வேலை. வெள்ளைப் பலகை ஆம்னியில் பதினைந்து பிள்ளைகளை அடைத்துப் போகிற தெரிந்த அண்ணனிடம் மாதம் முந்நூறு ரூபாய் மிச்சமாகும். ஆனால் அந்த வண்டி இந்த விதிகள் எதற்குள்ளும் வராது, வாடகை வண்டிக்கான காப்பீடும் இருக்காது.

அரசுப் பேருந்தில் போகும் பிள்ளைகளுக்குப் புதுப் பாஸ் வர நாளாகும். அதுவரை சீருடையிலோ பழைய பாஸுடனோ இலவசமாகப் போகலாம் என்று போக்குவரத்துத் துறை ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறது. நடத்துநர் இறக்கிவிட்டால் புகார் செய்யலாம்.

## பை எவ்வளவு கனக்கலாம்?

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன் சிபிஎஸ்இ பள்ளிகள் தொடர்பான வழக்கில், 1, 2 வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு பை எடைக்கு வரம்பு அறிவித்தது: 1, 2 வகுப்புகளுக்கு 1.5 கிலோ, 3 முதல் 5 வரை 2 முதல் 3 கிலோ, 10-ஆம் வகுப்புக்கு 5 கிலோ. 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை இதைப் பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று பொதுவிதியாக்கியது. வீட்டுப்பாடத்துக்கும் அதில் கணக்கு உண்டு: 2-ஆம் வகுப்பு வரை கூடாது, 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரம், 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி நேரம்.

கணக்கை வீட்டில் போட்டுப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 20 கிலோ என்றால் பை 2 கிலோவைத் தாண்டக் கூடாது. 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலே 1 கிலோ. எஃகு டிபன் பாக்ஸ் சாப்பாட்டுடன் அரைக் கிலோ. சக்கரம் வைத்த, கார்ட்டூன் பொம்மை புடைத்த பை வெறுமனேயே முக்கால் கிலோ. புத்தகம் ஒன்றுகூட வைக்காமலேயே வரம்பு தாண்டியாயிற்று. ஆக, பை கனப்பதற்குப் பள்ளியை மட்டும் குறை சொல்ல முடியாது. சிறிய பாட்டில், சாதாரணத் துணிப்பை, நேர அட்டவணைப்படி புத்தகம் என்று மூன்றும் நம் கையில்தான் இருக்கின்றன. தொடக்க வகுப்புகளுக்குப் பாடநூலைப் பருவம் பருவமாகப் பிரித்துத் தரும் முறையை 2012-13-இல் தமிழ்நாடு கொண்டுவந்ததற்கும் இந்தச் சுமை ஒரு காரணம். தனியார் பள்ளியின் கூடுதல் ஒர்க் புக்குகள் அந்தப் பலனைத் தின்றுவிடுகின்றன என்பது வேறு கதை.

## தூக்கம்: பேரம் பேச முடியாத ஒன்று

இதுவரை பார்த்ததில் பலவற்றைத் தள்ளிப்போடலாம், குறைக்கலாம், எதிர்த்துக் கேட்கலாம். தூக்கத்தை அப்படிச் செய்ய முடியாது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் வெளியிட்டு, உலகெங்கும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் அளவுகள் இவை: 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கத்தோடு சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம்.

வேன் 7.10-க்கு வருகிறது, 6 மணிக்கு எழ வேண்டும் என்றால், எட்டு வயதுப் பிள்ளை 9 மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும். அதுவும் குறைந்தபட்சக் கணக்கு. நம் வீடுகளில் 9 மணிக்குத்தான் சீரியல் சூடுபிடிக்கும், அப்பா வேலையிலிருந்து வருவார், சாப்பாடு நடக்கும். ஒற்றை அறை வீட்டில் பிள்ளையை மட்டும் 9 மணிக்குத் தூங்கு என்றால் எப்படித் தூங்கும்? மாற வேண்டியது பிள்ளையின் பழக்கம் மட்டுமில்லை, வீட்டின் இரவு. எல்லா வீட்டிலும் இது நடக்காது என்பதும் தெரியும். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் பிள்ளை முகத்தைப் பார்ப்பதே அந்த நேரத்தில்தான். அப்படிப்பட்ட வீட்டில் மாலை பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் தூங்கவிட்டால் கொஞ்சம் ஈடாகும். அந்த ஒரு மணி நேரத்தில் டியூஷனைத் திணிக்காமல் இருந்தால் சரி.

கோடை முழுக்க பதினொன்றரைக்குத் தூங்கி ஒன்பதுக்கு எழுந்த உடம்பை ஒரே ராத்திரியில் திருப்ப முடியாது. செய்ய வேண்டியது இது:

1. தூங்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தைப் பிடியுங்கள். தூக்கம் வராத பிள்ளையைத் தூங்கவைக்க முடியாது. தூங்குகிற பிள்ளையை எழுப்ப முடியும்.

2. நாளுக்குக் கால் மணி நேரம் முன்னால் எழுப்புங்கள். எழுந்ததும் வாசலிலோ மாடியிலோ வெளிச்சத்தில் நிற்கட்டும். உடம்பின் கடிகாரத்தைத் திருத்துவது காலை வெளிச்சம்தான்.

3. எழும் நேரம் ஒன்பதிலிருந்து ஆறுக்கு வர 180 நிமிடம். நாளுக்கு 15 நிமிடம் என்றால் 12 நாள். பள்ளி ஜூன் முதல் வாரம் என்றால், மே மூன்றாம் வாரத்தின் இறுதியில் தொடங்க வேண்டும்.

4. காலையில் முன்னதாக எழுப்பிவிட்டதற்காக மதியம் மூன்று மணி நேரம் தூங்கவிட்டால் எல்லாம் வீண்.

பதின்வயதுப் பிள்ளைகள் விஷயம் வேறு. பருவமடையும் காலத்தில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரக்கும் நேரமே இரவில் பின்னால் தள்ளிப்போகிறது. பத்தாம் வகுப்புப் பையன் 9 மணிக்குப் படுக்கையில் புரள்வது சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை. ஆனால் பத்தரைக்கு வர வேண்டிய தூக்கத்தைக் கைப்பேசி பன்னிரண்டரைக்குத் தள்ளுகிறது. காலை 5 மணி டியூஷனும் சேர்ந்தால் ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. அந்த டியூஷன் கட்டாயமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே என் பதில்.

காலையில் சாப்பிடாமல் ஓடுவதும் தூக்கக் குறையின் தொடர்ச்சிதான். எழுந்து அரை மணி நேரம்கூட ஆகாத பிள்ளைக்கு இட்லி இறங்காது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5 வரை இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளையை வீட்டில் அவசரமாகத் திணித்து அனுப்ப வேண்டியதில்லை.

## முதல் வாரத்து அழுகை

எல்கேஜி வாசலில் நடக்கும் அழுகை பிரிவு அச்சம். மூன்று நான்கு வயதில் இது இயல்பு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் தணியும். அதை நீட்டிக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, பிள்ளை பொம்மையைப் பார்க்கும் நேரத்தில் சொல்லாமல் நழுவுவது. அடுத்த நாள் அது பொம்மையைப் பார்க்காது, உங்கள் முந்தானையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, போகிறேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்ப்பது. "சாப்பாடு சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா வந்துடுவேன்" என்று சொல்லுங்கள், ஒரு முத்தம், கிளம்புங்கள். மூன்று வயதுக்கு மணி தெரியாது, வரிசை தெரியும். சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பது மட்டும் தவறக் கூடாது; பாட்டி வருவதாக இருந்தால் பாட்டி என்றே சொல்லுங்கள்.

பெரிய பிள்ளை போக மாட்டேன் என்றால் காரணம் வேறாக இருக்கலாம். திங்கள் காலை வயிற்றுவலி, ஞாயிறு முழுக்க ஒன்றுமில்லை என்றால் "நடிக்கிறான்" என்று முடிவுகட்ட வேண்டாம். பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். வரிசையாகக் கேட்டுப் பாருங்கள்: யார் பக்கத்தில் உட்காருகிறாய், வேனில் யார் தள்ளுகிறார்கள், எந்தப் பாடவேளை பிடிக்கவில்லை, மிஸ் அடித்தார்களா. அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. "நாலு அடி போட்டால்தான் படிப்பான் சார்" என்று பெற்றோரே ஆசிரியரிடம் சொல்வதால் அந்தத் தடை நீங்கிவிடாது.

மதிப்பெண்ணைக் காட்டிக் கீழ் வகுப்பிலேயே இருத்துவோம் என்று மிரட்டினால், மாநிலப் பாடத்திட்டத்தில் 8-ஆம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடர்கிறது என்பதை நினைவூட்டுங்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் விதியை மாற்றி 5, 8 வகுப்புகளில் நிறுத்திவைக்க வழிசெய்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை.

இன்னொன்றும் பார்க்க வேண்டும்: மாலையில் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா? பல பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், பள்ளிக் கழிவறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. அடக்கி அடக்கி சிறுநீர்த் தொற்று வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிகிறது. கழிவறை அசுத்தமா, தாழ்ப்பாள் இல்லையா, வகுப்பு நடுவில் போக விடுவதில்லையா என்று பிள்ளையிடமே கேளுங்கள். அரசு, உதவிபெறும் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் வையுங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். தனியார் பள்ளியானால் முதல்வருக்குக் கடிதம், ஒப்புகையுடன். அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் சொல்லலாம். அடி, தொந்தரவு, மிரட்டல் என்று வந்தால் 1098.